சின்னப் பிள்ளைக்கு மூச்சு வாங்கும்போது எது கைகொடுக்கும்: விரல் கிளிப்பா, சுற்றுப்பட்டையா, கடிகாரமா?

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கிளிப், அதாவது பல்ஸ் ஆக்சிமீட்டர், தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்துப் பிள்ளைகளுக்குச் சளி கட்டும்போது அது வெளியே வருகிறது. எட்டு மாதக் குழந்தையின் விரலில் மாட்டுகிறார்கள். 98 என்று காட்டுகிறது. "ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு, காலையில பாத்துக்கலாம்" என்று படுத்துவிடுகிறார்கள். அந்த 98-ஐ நம்பி ஓர் இரவைக் கடத்தலாமா என்பதற்காகத்தான் இந்த மதிப்புரை.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் மூச்சுக் கோளாறு எவ்வளவு கடுமை என்று வீட்டிலேயே பார்க்க மூன்று பொருள்கள் உண்டு. பெரியவர்களுக்கான விரல் கிளிப், குழந்தைகளுக்கென்றே செய்த சிறிய சென்சார் உள்ள கருவி, மூச்சை எண்ண ஒரு நிமிடத்தைச் சரியாகக் காட்டும் கடிகாரம். எங்கள் வரிசையில் கடிகாரத்துக்கு முதலிடம், சிறிய சென்சாருக்கு இரண்டாமிடம். பெரியவர் கிளிப்பைக் கைக்குழந்தைக்கு முடிவெடுக்கும் கருவியாகக் கொள்ளவே கூடாது.

முதலில் கிளிப். அதன் ஒரு தாடையில் சிவப்பு விளக்கும் அகச்சிவப்பு விளக்கும் இருக்கும், எதிர்த்தாடையில் ஒளியை வாங்கும் உணரி இருக்கும். ஆக்சிஜன் ஏற்றிய ரத்தமும் ஏற்றாத ரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். நாடித் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பங்கை மட்டும் பிரித்தெடுத்துக் கருவி சதவீதம் போடுகிறது. 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி கண்டுபிடித்த முறை இது. கணக்கு சரியாக வர வேண்டுமானால் விளக்கின் ஒளி முழுவதும் விரலுக்குள் புகுந்துதான் உணரிக்குப் போக வேண்டும். குழந்தையின் விரல் தாடையில் பாதி இடத்தைக்கூட நிரப்பாது. ஒளி பக்கவாட்டில் தப்பி, விரலைத் தொடாமலே உணரியில் விழும். அப்போது வரும் எண் உண்மையைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். குறைவாக வந்தால் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம், நஷ்டம் ஒரு பஸ் செலவுதான். கூடுதலாக வந்தால் வீட்டிலேயே இருந்துவிடுவோம். ஆபத்து அங்கேதான்.

கிளிப் பெட்டியில் எந்தத் தடிமன் விரலுக்கு, எத்தனை கிலோ எடைக்கு மேல் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். மருத்துவமனைகளில் பெரியவர் சென்சாரை 30 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்குத்தான் போடுவார்கள். ஒரு வயதுப் பிள்ளை பத்துக் கிலோகூட இருக்காது. "இரண்டு சதவீதம்தான் வித்தியாசம் வரும்" என்று பெட்டியில் போட்டிருப்பது, அசையாத, கதகதப்பான, பொருந்துகிற விரலுக்குச் சொன்னது. மார்கழிப் பனியில் சில்லிட்டுப்போன, உதறி உதறி அழுகிற பிஞ்சுக் கைக்கு அந்த வாக்கு பொருந்தாது.

கையில் வேறெதுவும் இல்லை, இந்தக் கிளிப்தான் இருக்கிறது என்றால், விரலை விட்டுவிட்டுக் காலின் கட்டைவிரலில் மாட்டிப் பார்க்கலாம். வரும் எண்ணை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். கருவி காட்டும் நாடித்துடிப்பைப் பாருங்கள். விழித்திருக்கும் கைக்குழந்தைக்கு அது பொதுவாக 100-க்கு மேல் இருக்கும், காய்ச்சலில் 150, 160 வரை போகும். குழந்தையின் இடது நெஞ்சில் காதை வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். உங்கள் எண்ணிக்கை 140, கருவி 72 என்கிறது என்றால், பக்கத்தில் உள்ள ஆக்சிஜன் எண்ணுக்கும் மதிப்பில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போய், திரையில் தெரியும் நாடி அலை ஒரே சீராக ஓடினால் அதை ஓரளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒன்று கவனம்: எண் குறைவாகக் காட்டினால் "மிஷின் தப்பு" என்று தள்ளிவிடாதீர்கள். இடம் மாற்றி மறுபடி பாருங்கள். பிள்ளைக்கு மூச்சும் வாங்குகிறதென்றால் மறுபடி பார்ப்பதற்காகக்கூடக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

சிறிய சென்சார் கருவிகள் இரண்டு விதம். ஒன்று, வாய் குறுகலாகச் செய்த பிள்ளைக் கிளிப். இரண்டு மூன்று வயதுக்கு மேல் இது நன்றாகப் பொருந்தும். கைக்குழந்தைக்கு இதுவும் பெரிதுதான். மற்றொன்று, ஒயரின் நுனியில் மெல்லிய பட்டையாக வரும் சென்சார், கையடக்கக் கருவியோடு இணைப்பது. மருத்துவமனைக் குழந்தை வார்டில் காலில் சுற்றியிருப்பது இதுதான். கைக்குழந்தைக்குச் சரியான பொருள் இது ஒன்றே. விலை சாதாரண கிளிப்பைப்போல் பல மடங்கு. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, இதயக் கோளாறு உள்ள பிள்ளை, அடிக்கடி இழுப்பு வந்து படுக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில், மருத்துவர் சொன்னால் வாங்குவது நியாயம். மற்ற வீடுகளுக்கு அவசியம் இல்லை என்பதே எங்கள் எண்ணம்.

பட்டையைச் சுற்றும் முறையில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். விளக்கும் உணரியும் நேருக்கு நேர் வர வேண்டும். கைக்குழந்தைக்குக் காலின் கட்டைவிரல், பிறந்து சில வாரமே ஆன சிசுவுக்குப் பாதத்தின் வெளி ஓரம். இறுக்கிச் சுற்றினால் ரத்த ஓட்டம் நின்று எண் கெடும், தோலும் கன்றிப்போகும். நம் ஊரில் உள்ளங்காலில் திருஷ்டிப் பொட்டு வைக்கும் வழக்கம் உண்டு. அந்த மை ஒளியை விழுங்கும், துடைத்துவிட்டுப் போடுங்கள். நகத்தில் மருதாணி இருந்தால் வேறு விரல். கால் சில்லிட்டிருந்தால் உள்ளங்கையால் பொத்திச் சூடாக்கிய பிறகு போடுங்கள். வெயிலும் டியூப்லைட்டும் நேராக விழாதபடி மேலே ஒரு துணியைப் போர்த்துங்கள். பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். போட்டவுடன் வரும் முதல் எண் எண்ணே அல்ல. நாடித்துடிப்பு நிலைத்து, அலை ஒழுங்காகி, சதவீதம் அரை நிமிடமாவது ஒரே இடத்தில் நின்ற பிறகு வருவதுதான் கணக்கு.

அப்படி வந்த எண்ணுக்கு என்ன பொருள்? 94-உம் அதற்கு மேலும் என்றால் ஆக்சிஜன் இப்போதைக்குப் போதுமான அளவு இருக்கிறது. 90-லிருந்து 93 வரை என்றால் அன்றைக்கே, அந்த வேளையே மருத்துவர் பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே என்றால் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுத்தாக வேண்டும், அது மருத்துவமனையில்தான் முடியும். நிறம் ஆழ்ந்த தோலில் இந்தக் கருவிகள் உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது தெரிந்த குறை. அதனால் 93, 94-இல் நிற்கும் எண்ணைச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விறகடுப்புப் புகையோ ஜெனரேட்டர் புகையோ மூடிய அறையில் அடைத்திருந்தால் கருவி நல்ல எண்ணையே காட்டும். கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ரத்தம் என்றே அது எண்ணிக்கொள்ளும்.

கடிகாரத்தை ஏன் முன்னால் வைத்தோம் என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. ஆக்சிஜன் குறைவதற்கு முன்னாலேயே பிள்ளையின் உடல் போராடத் தொடங்கிவிடும். வேகமாக மூச்சிழுத்து, விலாத் தசைகளையெல்லாம் வேலைக்கு இழுத்து, எண்ணை 96, 97-இலேயே தூக்கிப் பிடிக்கும். பிள்ளை களைத்த பிறகுதான் எண் விழும், விழும்போது வேகமாக விழும். ஆகவே 97 என்ற எண் "ஆக்சிஜன் இருக்கிறது" என்று மட்டுமே சொல்கிறது. அதை எவ்வளவு பாடுபட்டுச் சம்பாதிக்கிறது என்பதை மூச்சு எண்ணிக்கையும் நெஞ்சுமே சொல்லும்.

எண்ண வேண்டியது முழுதாக ஒரு நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள் இவை: 2 மாதம் நிறையாத சிசுவுக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 12 மாதம் நிறையும் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 வயது முதல் 5 வயது நிறையும் வரை 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேக மூச்சு. இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள பிள்ளைக்கு வேக மூச்சு இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம் என்று கொண்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது நாடிக்குச் சரி, மூச்சுக்கு ஆகாது. சின்னப் பிள்ளையின் மூச்சு சீராக ஓடாது. கொஞ்சம் வேகமாகப் போகும், கொஞ்சம் தயங்கும். பிறந்த சிசுவுக்குச் சில வினாடி நின்று நின்று வருவதுகூட இயல்பு. 15 வினாடியில் ஒரே ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நான்கு தவறிவிடும். 2 மாதம் ஆகாத சிசுவுக்கு 60 வந்தால் இன்னொரு முறை முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டாம் முறையும் 60 எட்டினால்தான் வேக மூச்சு.

தூளியில் கிடக்கும்போது எண்ண முடியாது. துணி மூடியிருக்கும், ஆட்டமும் இருக்கும். பாயிலோ தாயின் மடியிலோ கிடத்திச் சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிடுங்கள். தூங்கும்போது எண்ணுவது உத்தமம், இல்லையென்றால் அமைதியாக விழித்திருக்கும்போது. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் பயனில்லை. காய்ச்சல் ஏறியிருந்தால் மூச்சும் ஏறும். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சல் தணிந்ததும் மறுபடி எண்ணலாம், ஆனால் கீழே சொல்லும் ஆபத்து அறிகுறி ஒன்றாவது இருந்தால் தணியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூக்கடைப்பு இருந்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து இரண்டிரண்டு சொட்டு விட்டு, துடைத்து, கொஞ்ச நேரம் கழித்து எண்ணுங்கள். முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சுவிடும். மூக்கடைப்பே மூச்சுத்திணறல்போல் தோன்றும்.

வயிறும் நெஞ்சும் சேரும் இடத்தில் கண்ணை வையுங்கள். ஒருமுறை மேலே எழுந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. கண் நெஞ்சை விட்டு அகலக் கூடாது. கடிகார முள்ளைப் பார்க்கப் போனால் எண்ணிக்கை தவறும். அதனால் செல்போனில் ஒரு நிமிட டைமர் வைத்து, மணி அடிக்கும்வரை எண்ணுவதே நல்லது. சுகாதாரப் பணியாளர்களுக்கென்று யுனிசெஃப் வழங்கும் மூச்சு எண்ணும் டைமர் அரை நிமிடத்தில் ஒருமுறை ஒலித்து, முழு நிமிடத்தில் மறுபடி ஒலிக்கும். முதல் ஒலியிலேயே எண்ணுவதை நிறுத்திவிட்டால் 56 என்பது 28 ஆகிவிடும். அந்த வகையில் செல்போன் டைமரே வீட்டுக்குத் தோது. ஒவ்வொரு மூச்சுக்கும் திரையைத் தட்டினால் கணக்குப் போடும் செயலிகளும் உண்டு. விரைவானவைதான், ஆனால் சில மூச்சுகளின் இடைவெளியை வைத்தே கணிப்பதால் தயங்கித் தயங்கி மூச்சு விடும் சிசுவுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கைக்கடிகாரம் போன்ற ஸ்மார்ட் வாட்சுகள் குழந்தையின் மூச்சுக்கு எந்த வகையிலும் உதவாது.

எண்ணி முடித்ததும் சட்டையை இறக்கிவிட வேண்டாம், நெஞ்சைப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு விரிவதுதான் இயல்பு. இழுக்கும்போதே விலா எலும்பின் அடிப்பகுதி உள்ளே போய்க் குழி விழுந்தால் நுரையீரல் கடுமையாகத் திணறுகிறது என்று பொருள். ஒவ்வொரு மூச்சிலும் அது தெரிய வேண்டும். அழும்போது மட்டும் தெரிவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 2 மாதத்துக்குள் உள்ள சிசுவுக்கு நெஞ்செலும்பு மென்மை, லேசான குழி இயல்பாகவே விழும். ஆழமாக, பளிச்சென்று தெரிந்தால்தான் ஆபத்து. கூடத்து மங்கல் வெளிச்சத்தில் இது கண்ணில் படாது. பகலில் திண்ணை ஓரம் கொண்டுவாருங்கள். மழை இரவில் கரண்டு போயிருந்தால் செல்போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். குழி விழும் இடத்தில் நிழல் விழுந்து தானே தெரியும்.

எந்தக் கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள் உண்டு. பால் குடிக்கவோ தண்ணீர் விழுங்கவோ முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடப்பது, நாக்கும் உதடும் நீலம் பாரிப்பது, ஒவ்வொரு மூச்சு விடும்போதும் முனகுவது, மூச்சுக்கு மூச்சு தலை ஆடுவது, அமைதியாக இருக்கும்போதே உள்ளிழுக்கும் மூச்சில் கரகரவென்று சத்தம். இவற்றில் ஒன்றே போதும். வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு எண்ணிக்கை தானே குறைந்து, கூடவே பிள்ளை சோர்ந்தும் போனால், தேறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், களைத்துவிட்டது. 2 மாதம் ஆகாத சிசுவானால் வேக மூச்சு மட்டும் இருந்தாலும், உடம்புச் சூடு 37.5 டிகிரி செல்சியஸ் எட்டினாலும், 35.5-க்குக் கீழே போனாலும், பால் குடிப்பது குறைந்தாலும் மருத்துவமனைதான். சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று இருமலும் திணறலும் வந்தால் கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். அதற்கு எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம்.

ஒருமுறை எண்ணி எல்லைக்குள் இருந்தது என்றால் அதோடு முடிந்துவிடாது. 2 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு வைரஸால் வரும் சிறு மூச்சுக்குழல் அழற்சி, சாதாரண ஜலதோஷமாகத் தொடங்கி 3-ஆம் நாளிலிருந்து 5-ஆம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். இரண்டாம் நாள் 44 என்று எண்ணியது நான்காம் நாளுக்குச் செல்லாது. காலை, மாலை, படுக்கப்போகும் முன் என்று எண்ணி, நேரம் போட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். பால் வழக்கத்தில் பாதிதான் குடிக்கிறது என்றாலும், 12 மணி நேரமாக ஒண்ணுக்கே போகவில்லை என்றாலும் அதையும் எழுதிக்கொண்டு அப்போதே கிளம்புங்கள்.

ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாதபோது, எப்போது கிளம்புவது என்பதில் இடமும் ஒரு கணக்கு. தஞ்சாவூர் நகரில் ராசா மிராசுதார் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பவர் இன்னொரு மணி நேரம் பார்க்கலாம். வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை ஓரத்துக் கிராமத்திலிருந்து நாகையோ திருவாரூரோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டியவர், அதுவும் கார்த்திகையில் சாலையில் தண்ணீர் ஓடும்போது, அந்த ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்கு ஒதுக்க வேண்டும். எல்லைக்கு அருகில் எண் நின்றாலே வெளிச்சம் இருக்கும்போது கிளம்பிவிடுங்கள். 108-ஐ அழைத்தால் வயது, மூச்சு எண்ணிக்கை, நெஞ்சு உள்வாங்குகிறதா, பால் குடிக்கிறதா என்ற நான்கையும் முதலில் சொல்லுங்கள். பகல் நேரமானால் கிராம சுகாதார செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டலாம். குழந்தை நிமோனியாவுக்காக 2019-இல் மத்திய அரசு தொடங்கிய 'சான்ஸ்' (SAANS) திட்டம், மூச்சு எண்ணுவதையும் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்ப்பதையும் கீழ்நிலைப் பணியாளர் வரை கொண்டுசெல்ல வந்ததுதான்.

கிளிப் வாங்கப்போகும் இடத்தில் கூடவே கையில் திணிக்கப்படும் பொருள்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெபுலைசர் கடுமையை அளக்காது, அது மருந்து கொடுக்கும் கருவி. ஆஸ்துமா இழுப்புக்குப் பலன் தரும் மருந்து, மேலே சொன்ன சிறு மூச்சுக்குழல் அழற்சிக்குப் பெரும்பாலும் பலன் தராது. மருத்துவர் எழுதாமல் வாங்காதீர்கள். இருமல் சிரப் 2 வயதுக்குள் வேண்டவே வேண்டாம், அதற்கு மேலும் மருத்துவர் சீட்டு இல்லாமல் வேண்டாம். சாம்பிராணிப் புகை, மூக்கில் எண்ணெய் விடுவது, நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்ப்பது மூன்றையும் இருமும் பிள்ளைக்கு நிறுத்திவையுங்கள். புகை மூச்சுக்குழலை இன்னும் சுருக்கும், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிப் புண்ணாக்கும், கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரலாம்.

கருவிதான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். நாடி அலையைக் கோடாக வரைந்து காட்டும் திரை இருக்க வேண்டும், எண் மட்டும் மினுக்கும் மாடலைத் தவிருங்கள். பெட்டியில் குழந்தை எடை வரம்பு எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "எல்லா வயசுக்கும் போடலாம்" என்ற வாய்வார்த்தை போதாது. உங்கள் விரலில் மாட்டி, மணிக்கட்டு நாடியை ஒரு நிமிடம் எண்ணி ஒப்பிடுங்கள். பிறகு கிளிப்புக்குள் ஒரு பேனாவை வைத்து மூடிப் பாருங்கள். உயிரில்லாத பொருளுக்கும் நிலையாக ஓர் எண்ணைக் காட்டும் கருவியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பட்டை சென்சார் தேய்மானப் பொருள், ஒயர் மடிந்த இடத்தில் முதலில் போகும். தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்பதைக் கருவி வாங்கும்போதே கேட்டு, பில்லில் மாடல் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். பயன்படுத்தாத நாளில் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து முனைகளை அரித்துவிடும்.